கோட்டையிலிருந்து கண்டிக்கு: சிந்தாதிரிப்பேட்டை முதல் வேலூர் வரை ஒரு பயணம்

கூவம் ஆறு கடலைச் சேர்வதற்கு முன் எடுக்கும் பெரிய வளைவொன்றில், மூன்று பக்கமும் நீரால் சூழப்பட்டு அமைந்துள்ளது சிந்தாதிரிப்பேட்டை. மீன் அங்காடிக்காகவும் நெருக்கமான பழைய தெருக்களுக்காகவும் இன்று அறியப்படும் இப்பேட்டை, 1734-ஆம் ஆண்டு வாக்கில், ஜார்ஜ் மார்ட்டன் பிட் சென்னையின் ஆளுநராக இருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டிய துணியை நெய்து தரும் குடும்பங்களுக்கென்றே திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. அதற்கான நிலம், கம்பெனியின் தலைமை வணிகராக இருந்து பதவி இழந்த சுங்குராமச் செட்டியின் தோட்டம். நெய்வோர், நூற்போர், சாயமிடுவோர், இவர்களோடு கோயில் பணியாளர்கள் என்று இன்னார்தான் குடியேறலாம் என வரையறுத்து, வந்தவர்களுக்கு மனையும் முன்பணமும் கொடுத்து அமைத்த ஊர் இது. ஆதிபுரீசுவரர் கோயிலும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கும் எவரும், சைவருக்கும் வைணவருக்கும் ஒரே நேரத்தில் இடம் ஒதுக்கிய ஒரு திட்டத்தின் தடயத்தை அங்கே உணர முடியும்.

இலங்கைத் தீவின் கடைசி அரசு எவ்வாறு அயலார் ஆட்சிக்குள் சென்றது என்பதை அறிய விரும்புபவர் இந்தப் பேட்டையிலிருந்து புறப்படுவது பொருத்தமாகும். கண்டி அரசின் வீழ்ச்சியைக் கண்டியின் மலைகளில் நடந்த கதையாகவே பெரும்பாலான நூல்கள் சொல்கின்றன. எனினும் அக்கதையின் தூதர்கள் புறப்பட்டதும், படைகள் கப்பலேறியதும், வரி அதிகாரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டதும் சென்னையிலிருந்துதான்; இறுதியில் அரசனே கைதியாகக் கொண்டுவரப்பட்டதும் சென்னைக்குத்தான். நிலத்தையும் மக்களையும் தாளில் எழுதி, துபாஷிகள் எனப்படும் இருமொழி இடைத்தரகர்கள் வழியாக ஆளும் முறையைக் கம்பெனி பழகிய இடங்களில் சிந்தாதிரிப்பேட்டையும் ஒன்று. அதே முறை இரு தலைமுறைக்குப் பின் பாக் நீரிணையைத் தாண்டியது.

பேட்டையிலிருந்து கூவத்தைக் கடந்து, ஆற்றுக் கிளைகளுக்கு நடுவே கிடக்கும் தீவுத்திடலின் ஓரமாகச் சென்றால் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை நடந்தே அடையலாம். இன்று தலைமைச் செயலகம் இயங்கும் இக்கோட்டையில் கூடிய ஆளுநர் குழு, 1762-இல் ஜான் பைபஸ் என்னும் அதிகாரியைக் கண்டிக்குத் தூதராக அனுப்பியது. அன்று தீவின் கரையோரம் டச்சுக்காரர்களின் பிடியில் இருந்தது. நடு மலைநாட்டை ஆண்ட கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அவர்களோடு போரில் இறங்கியிருந்தான். தன்னை டச்சுக்காரர்களிடமிருந்து காக்க ஆங்கிலேயர் என்ன செய்வார்கள் என்று அரசன் கேட்க, அரசனிடமிருந்து எந்தத் துறைமுகமும் வணிக உரிமையும் கிடைக்கும் என்று பைபஸ் கேட்க, இருவருக்கும் விடை கிடைக்கவில்லை. அரசவை முறைப்படி மண்டியிட்டு நின்ற பைபஸுக்குப் படை உதவி பற்றி வாக்களிக்கும் அதிகாரம் இல்லை. அவர் வெறுங்கையோடு திரும்பினார். சென்னையிலிருந்து அதன்பின் ஒரு கடிதமும் போகவில்லை. 1765-இல் டச்சுப் படை கண்டி நகருக்குள் நுழைந்தது. நோயாலும் உணவுப் பற்றாக்குறையாலும் அங்கே தங்க முடியாமல் வெளியேறியபோதிலும், 1766-இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் தீவின் கரை முழுவதையும் தனதாக்கிக்கொண்டது.

இந்த உடன்படிக்கையின் கடுமையை உணர மலைநாட்டின் ஒரு தேவையை நினைவில் வைக்க வேண்டும். கண்டியில் நெல்லும் பாக்கும் ஏலமும் விளைந்தன, உப்பு விளையவில்லை. கரை கைவிட்டுப் போன நாள் முதல், உப்புக்கும் கருவாட்டுக்கும் எதிரியின் சுங்கச்சாவடியைக் கடந்தாக வேண்டிய நிலைக்கு அந்த அரசு தள்ளப்பட்டது. இராமநாதபுரம், தஞ்சைக் கரைகளிலிருந்து துணியேற்றிச் சென்று பாக்கு ஏற்றி வந்த தமிழ் வணிகரின் தோணிகளும் அதே சாவடிகளில் நின்றன. கண்டி அரசர்கள் சென்னையை நோக்கித் திரும்பத் திரும்பக் கை நீட்டியதற்குக் காரணம் இந்த முற்றுகைதான்.

1782-இல் ஆளுநர் மக்கார்ட்னி பிரபு அனுப்பிய ஹியூ பாய்ட் என்னும் தூதர், அவ்வாண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த திருகோணமலை வழியாகக் கண்டிக்குச் சென்றபோது, புதிதாக அரியணை ஏறியிருந்த இராஜாதி இராஜசிங்கனின் அவை அவருக்கு நேரடியான ஒரு விடையைக் கொடுத்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த தூது என்னவாயிற்று என்று அவர்கள் கேட்டனர். இனி இங்கிலாந்து அரசனிடமிருந்தே கடிதம் வந்தால்தான் பேச்சு என்றனர். கம்பெனி என்பது வணிகரா, அரசா என்னும் கேள்வியைக் கண்டி அவை அன்றே எழுப்பியது என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் அரசியல் கூர்மையைக் காலனிய வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு மதிக்கவில்லை.

பதின்மூன்று ஆண்டுகளில் நிலைமை மாறியது. பிரெஞ்சுப் புரட்சிப் படை ஹாலந்தைக் கைப்பற்றியதும், 1795-இல் ஆளுநர் ஹோபார்ட் பிரபுவின் ஆணைப்படி சென்னையிலிருந்து கர்னல் ஸ்டூவர்ட் தலைமையில் படை புறப்பட்டது. ஆகஸ்டில் திருகோணமலையும், செப்டம்பரில் யாழ்ப்பாணமும், 1796 பிப்ரவரியில் கொழும்பும் வீழ்ந்தன. அதே வேளையில் கண்டியின் தூதர்கள் கோட்டைக்கு வந்து ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அரசு முழுக் கரையையும் திரும்பப் பெற விரும்பியது. கோட்டை கொடுக்க முன்வந்தது, உப்பும் மீனும் எடுத்துக்கொள்ள ஓரிடமும், சில கப்பல்களை ஓட்டும் உரிமையும் மட்டுமே. டச்சுக்காரர்களின் இடத்தில் ஆங்கிலேயர் அமர்ந்திருக்கிறார்கள், வேறு எதுவும் மாறவில்லை என்பதைப் புரிந்துகொண்ட இராஜாதி இராஜசிங்கன் அதற்கு ஒப்புதல் தர மறுத்தான்.

1796 முதல் 1798 வரை தீவின் கரையோரம் சென்னை அரசின் ஒரு மாவட்டம் போலவே நிர்வகிக்கப்பட்டது. அங்கு வருவாய்ப் பொறுப்பேற்ற ராபர்ட் ஆண்ட்ரூஸ், சென்னை மாகாணத்துப் பழக்கங்களை அப்படியே கொண்டுபோனார். ஊர்த் தலைவர்களான முதலியார்களை ஒதுக்கிவிட்டு, அமில்தார் எனப்படும் வரி தண்டும் அதிகாரிகளை இக்கரையிலிருந்து அழைத்துச் சென்று அமர்த்தினார். வரி வசூல் குத்தகைக்கு விடப்பட்டது. நிலத்துக்கு ஈடாகச் செய்யும் இராசகாரியம் என்னும் சேவை முறை ஒதுக்கப்பட்டு, பணமாக வரி கேட்கப்பட்டது. தென்னை மரங்களுக்கும் வரி விழுந்தது. தென்னந்தோப்பை நம்பி வாழ்ந்த கரையோர மக்கள் 1797-இல் கிளர்ந்தெழுந்தனர். விசாரணைக்கு அமைக்கப்பட்ட குழு பழைய முறைக்குத் திரும்பப் பரிந்துரைத்தது. 1798-இல் ஃபிரெடெரிக் நார்த் ஆளுநராக வந்தார். 1802-இல் தீவின் கரையோரம் கம்பெனியின் கையை விட்டு நேரடியாக இங்கிலாந்து முடியின் கீழ் சென்றது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற அமில்தார்கள் கம்பெனியின் கருவிகளாகவே அங்கு சென்றனர் என்றாலும், வரியைத் தண்டிய முகம் தமிழ் முகமாக இருந்தது என்பதையும் இக்கரை வரலாறு மறைக்கலாகாது.

மலைநாட்டு அரசு மட்டும் எஞ்சியது. அதன் அரச மரபைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சூரிய குலத்துப் பெண்ணை மணந்து, அவள் வயிற்றுப் பிள்ளைக்கே முடி என்பது கண்டியின் வழக்கம். அதற்காகப் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து மதுரை நாயக்கர் குடும்பங்களில் பெண்ணெடுத்து வந்தனர். 1739-இல் கடைசிச் சிங்கள அரசன் நரேந்திரசிங்கன் முடிக்குரிய பிள்ளையின்றி இறக்க, அவனுடைய நாயக்க அரசியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்னும் பெயரில் முடிசூடினான். அன்று தொடங்கி நால்வர் ஆண்ட நாயக்க மரபு, தெலுங்கு வேர் கொண்டது, தமிழ் பேசியது, அரசனாகப் பௌத்தத்தைப் புரந்தது. அற்றுப்போயிருந்த துறவு மரபை 1753-இல் சயாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து மீட்டவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன்தான். கண்டி நகரில், புத்தரின் பல் காக்கப்படும் தலதா மாளிகையைச் சுற்றி நாத தேவாலயம், விஷ்ணு தேவாலயம், கதிர்காமத் தேவாலயம், கண்ணகியே பத்தினித் தெய்வமாக உறையும் பத்தினி தேவாலயம் ஆகியவை இன்றும் நிற்கின்றன. இன்றைய மொழி அரசியலின் எல்லைக் கோடுகளை அந்த நகரின் மீது வரைய முயல்பவர் ஒவ்வொரு தெருமுனையிலும் தடுமாற நேரும்.

1798-இல் இராஜாதி இராஜசிங்கன் வாரிசின்றி மறைந்ததும், முதல் அமைச்சரான மகா அதிகாரம் பிலிமத்தலாவை, கண்ணுசாமி என்னும் பதினெட்டு வயது இளைஞனைத் தேர்ந்து அரியணையில் அமர்த்தினார். ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் என்னும் பட்டப்பெயர் ஏற்ற அவ்விளைஞன் தம் கைப்பொம்மையாக இருப்பான் என்று அவர் எதிர்பார்த்தார். இளைஞன் அவ்வாறு இருக்கவில்லை. அமைச்சர் ஆளுநர் நார்த்தோடு மறைமுகப் பேச்சில் இறங்கினார். 1803-இல் ஆங்கிலப் படை கண்டிக்குள் புகுந்து, முத்துசாமி என்னும் மற்றொரு நாயக்கரை அரசனாக அறிவித்தது. மலைநாடு தன் பழைய போர்முறையை மேற்கொண்டது: நகரைக் காலி செய்தது, பாதைகளை அடைத்தது, மழையும் காய்ச்சலும் வேலை செய்யக் காத்திருந்தது. போர்த்துக்கீசியப் படையை 1638-இல் கன்னொருவையில் அழித்ததும் ஏறத்தாழ இதே முறையில்தான். 1803 ஜூனில், கண்டியிலிருந்த ஆங்கிலப் படையின் தலைவர் மேஜர் டேவி சரணடைந்தார். முத்துசாமியைக் கண்டியரிடம் ஒப்படைத்தார். மகாவலி ஆற்றங்கரையில் ஆங்கிலப் படையில் பெரும்பகுதி கொல்லப்பட்டது. ஆற்றைக் கடக்கப் படகின்றி நின்ற படைவீரர்களின் முடிவும், கையளிக்கப்பட்ட முத்துசாமியின் கொலையும் இரக்கத்துக்குரியவை. எனினும் அந்தப் போரைத் தொடங்கியது கண்டி அல்ல.

ஐரோப்பிய அரசுகள் மூன்று, இரு நூற்றாண்டுகளாக ஆயுதத்தால் பெற முடியாததை, அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அரண்மனைப் பகை பெற்றுத் தந்தது. சதிக் குற்றத்துக்காகப் பிலிமத்தலாவை கொல்லப்பட்டார். அடுத்து அப்பதவிக்கு வந்த எகலப்பொல 1814-இல் கொழும்புக்கு ஓடி ஆங்கிலேயரிடம் தஞ்சமடைய, அரசன் அவருடைய மனைவி மக்களைக் கொன்றான். அக்கொடுமையை எவ்வாறும் நியாயப்படுத்த முடியாது. கண்டி மக்கள் மனத்தில் அரசன் மீதிருந்த பற்று அன்றோடு முறிந்தது. ஜான் டாய்லி என்னும் அதிகாரி சிங்களம் கற்று, பிக்குகள், வணிகர், திசாவைகள் எனப்படும் மாகாணத் தலைவர்கள் ஆகியோர் வழியே பல ஆண்டுகள் திரட்டிய செய்திகள் ஆளுநர் பிரௌன்ரிக்கின் கையில் ஆயத்தமாக இருந்தன. 1815 ஜனவரியில் போர் அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 14-இல் படை எதிர்ப்பின்றி நகருக்குள் நுழைந்தது. 18-இல் மெதமகாநுவரைப் பகுதியில் ஒளிந்திருந்த அரசன் பிடிபட்டான்.

மார்ச் 2-ஆம் நாள், செதுக்கிய மரத் தூண்கள் தாங்கும் அரசவை மண்டபத்தில் படிக்கப்பட்ட கண்டி உடன்படிக்கை பன்னிரண்டு பிரிவுகள் கொண்டது. பௌத்தத்தைக் காப்பதாக ஐந்தாம் பிரிவு உறுதி கூறியது. சித்திரவதைத் தண்டனைகளை ஆறாம் பிரிவு ஒழித்தது. இவை பெரும்பாலும் எடுத்துச் சொல்லப்படுபவை. தமிழ் வாசகர் நின்று படிக்க வேண்டியவை இரண்டாம், மூன்றாம் பிரிவுகள். ஐரோப்பியர் அன்று தமிழரையும் தென்னிந்தியரையும் குறிக்கப் பயன்படுத்திய சொல் மலபார் என்பது. இரண்டாம் பிரிவு, ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனையும் அவன் குடும்பத்தையும் அரியணையிலிருந்து நீக்கி, மலபார் இனத்துக்கு அந்நாட்டின் மீதிருந்த உரிமையையும் ஒழித்தது. மூன்றாம் பிரிவு, அவ்வரசனின் உறவினர் என்று கூறிக்கொள்ளும் ஆண்கள் எவரும் அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுக்குள் நுழைந்தால் படைச்சட்டத் தண்டனைக்குரிய பகைவர் என்றது. எழுபத்தாறு ஆண்டுகள் அந்நாட்டை ஆண்ட ஒரு மரபை, அதன் பிறப்பிடத்தைக் காட்டி அயலாராக எழுதிய சட்டம் இது. எழுதியவர்கள், அந்நாட்டுக்கு நேற்று வந்த உண்மையான அயலார். அந்த உடன்படிக்கையில் ஒப்பமிட்ட சிங்களத் தலைவர்கள் சிலரின் கையெழுத்துகளில் தமிழ் எழுத்துகள் காணப்படுகின்றன. மண்டபத்தில் அன்று படித்த சட்டத்தை விட அந்தக் கையெழுத்துகள் கண்டியின் இயல்பை நேர்மையாகச் சொல்கின்றன.

அரசனும் அரசியரும் உறவினரும் கொழும்பில் பல மாதம் காவலில் இருந்து, 1816 ஜனவரி இறுதியில் கார்ன்வாலிஸ் என்னும் கப்பலில் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். உடன் வந்த வில்லியம் கிரான்வில் என்னும் அதிகாரி அப்பயணத்தைக் குறிப்பேடாக எழுதிவைத்தார். அன்று சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில்தான் பயணிகள் அலைகளைக் கடந்து மணலில் இறங்கினர். பிசைந்த மாவு போல் வளைந்து கொடுக்கும் அந்தப் பலகைகள் மட்டுமே வங்கக் கடலின் அலையடியைத் தாங்கின. பைபஸும் பாய்டும் ஆண்ட்ரூஸும் புறப்பட்ட அதே கரையில், அவர்கள் தேடிச் சென்ற அரியணையின் உரிமையாளன் வந்து இறங்கினான். அரியணை மட்டும் வரவில்லை. டச்சுக்காரர்கள் முன்பு பரிசளித்திருந்த அது இங்கிலாந்துக்குப் போய், 1934-இல்தான் தீவுக்குத் திரும்பியது.

அரசன் அடுத்துக் கொண்டுசெல்லப்பட்டது வேலூருக்கு. சிந்தாதிரிப்பேட்டைக்கு அருகிலேயே சென்ட்ரல் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ரயிலில் காட்பாடி இறங்கிப் பாலாற்றைக் கடந்தால் வேலூர். பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சிக் காலத்தில் எழுந்த அதன் கருங்கல் கோட்டை, நீர் நிறைந்த அகழியோடு இன்றும் முழுமையாக நிற்கிறது. உள்ளே சலகண்டேசுவரர் கோயிலின் மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளும் யாளிகளும் தம் நுணுக்கத்தால் பார்ப்பவரை நிற்க வைக்கின்றன. அரச கைதிகளை வைக்கக் கம்பெனி தேர்ந்த கோட்டை இது. திப்பு சுல்தானின் குடும்பம் இங்கேதான் வைக்கப்பட்டது. 1806 ஜூலை 10-இல் இக்கோட்டையில் சிப்பாய்கள் எழுச்சி கொண்டபின் அக்குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து வந்தவன் கண்டி அரசன். அவன் பெயரால் ஒரு பகுதி இன்றும் கண்டி மகால் எனப்படுகிறது. பதினாறு ஆண்டுகள் அங்கு வாழ்ந்து, ஒரு மகனையும் பெற்று, 1832 ஜனவரி 30-ஆம் நாள் தன் ஐம்பத்திரண்டாம் வயதில் இறந்தான்.

அவன் பெயர் மலைநாட்டில் அதற்குள் மறையவில்லை. 1817-இல் மலைநாட்டின் ஊவாப் பகுதியில் எழுந்த பெருங்கிளர்ச்சி, துரைசாமி என்னும் நாயக்க இளவரசன் எனத் தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவனை முன்னிறுத்தியே தொடங்கியது. மலபார் ஆட்சியிலிருந்து விடுவித்ததாக அறிவித்த அரசுக்கு எதிராக, மலபார் இளவரசன் பெயரில் கண்டி மக்கள் திரண்டனர் என்பதே 1815-இன் அறிவிப்புக்குத் தக்க மறுப்பு. அடக்குவதற்குப் படை போதாமல் சென்னையிலிருந்து துணைப்படை அழைக்கப்பட்டது, ஊர்கள் எரிக்கப்பட்டன, தலைவர் கெப்பெட்டிப்பொல 1818 நவம்பரில் தலை வெட்டப்பட்டார், அதே மாத அறிவிப்பு, உடன்படிக்கை தந்த உரிமைகளில் பெரும்பாலானவற்றைப் பறித்தது. ஆங்கிலேயரை அழைத்துவந்த எகலப்பொலவும் ஐயத்துக்கு ஆளாகி, நாடு கடத்தப்பட்டு, மொரீசியசில் இறந்தார்.

வேலூர் நகருக்கு வெளியே பாலாற்றின் கரையில் அரசனும் குடும்பத்தாரும் அடக்கமான இடத்தில் தமிழ்நாடு அரசு 1990-இல் எழுப்பிய முத்து மண்டபம் இருக்கிறது. இலங்கையிலிருந்து சிங்களப் பயணிகளும் அங்கு வருகின்றனர். அரசனின் பெயரையும் ஆண்டுகளையும் சொல்வதோடு நின்றுவிடாமல், உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவையும் சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைத்தால், வருபவர்கள் அங்கு கிடப்பவர் யார், ஏன் கிடக்கிறார் என்பதை அறிந்து செல்வர்.

அந்தப் பிரிவின் கதை அத்தோடு முடியவில்லை. அரசன் வேலூரில் உயிரோடிருந்த 1820-களிலேயே ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்குச் சாலை வெட்டினார். கன்னொருவையில், போர்த்துக்கீசியர் அழிந்த அதே இடத்தில், காப்பித் தோட்டம் போட்டார். தோட்டங்கள் பெருகியபோது வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. அரச குடும்பத்து ஆண்கள் நுழைந்தால் தண்டனை என்று எழுதிய அரசு, அதே மலைகளுக்குத் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் மாவட்டத்துக் குடியானவர்களைக் கங்காணிகள் வழியே ஆயிரக்கணக்கில் இறக்கியது. இராமேசுவரம் வரை நடந்து, கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே ஏறியவர்களில் பலர் வழியிலேயே காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியாயினர். தென் மாவட்டங்களில் அந்த மலைநாட்டைக் கண்டிச்சீமை என்றே பல தலைமுறையினர் அழைத்தனர். 1948-இல் விடுதலை பெற்ற இலங்கை, அவர்களின் பேரப்பிள்ளைகளை அயலாராக எழுதிக் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், அவர்களைக் கேட்காமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்திறங்கிய குடும்பங்களில் பலவற்றுக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டு வேலை தரப்பட்டது. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் அவர்கள் இன்றும் கொழுந்து பறித்து வாழ்கின்றனர்.